ஹேண்டிகேப் இருபத்து நான்கு

கேட்டி, டெக்சஸ்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி செழியன் எழுதுகிறேன். இங்கே நானும் குமுதினியும் நன்றாக இருக்கிறோம். வெயில்தான் இன்னும் நூறு டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பார்சிப்பனியில் குளிர் ஆரம்பிக்கும் முன் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் "கோல்ஃப்" என்றேன், நீ "கோயிலா, எந்தக் கோயில்?" என்றாய். மூன்று தடவை கத்தினேன். குமுதினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் அக்காவோட சண்டை பிடிக்கிறியள்?" என்று கேட்டாள். உன் ஹியரிங் எய்டுக்கும் போனுக்கும் ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. நான் கிண்டி ஹாஸ்டலில் இருந்தபோது மாதம் ஒரு கடிதம் என்று எனக்குச் சட்டம் போட்டிருந்தாயே, அதையே மறுபடி ஆரம்பிக்கலாம்.

விஷயம் இதுதான். அத்தான் போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருஷம். நானும் அவரும் போகலாம் போகலாம் என்று பேசியே போகாமல் விட்ட இடம் கரீபியனில் இருக்கிற செயின்ட் ஒரேல் தீவு. பிப்ரவரியில் போய்விடலாம் என்று இருக்கிறேன்.

சின்னத் தீவு. ஒரு மணி நேரத்தில் காரில் சுற்றி வந்துவிடலாம். ஆனாலும் வெளியூர்க்காரர்கள் கோல்ஃப் ஆட நாலு வழி இருக்கிறது. எதிரே இருக்கிற குட்டித் தீவில் பாறை உச்சியில் ஒரு மைதானம். படகில் அரை மணி நேரம், பந்து தப்பினால் நேராகக் கடலுக்குள். அத்தானின் கனவு அதுதான். அடுத்தது தெற்குக் கரை ரிசார்ட்டின் பதினெட்டுக் குழி மைதானம். ஹேண்டிகேப் சர்டிபிகேட் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அப்புறம் பழைய சர்க்கரை ஆலைக்குப் பின்னால் ஒன்பதே குழி உள்ள ஊர்ப் பொது மைதானம். அங்கே ஆடு மேயுமாம். கடைசியாக, நாம் தங்கப் போகிற கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் குழந்தைகளும் வயதானவர்களும் பந்தை உருட்டி விளையாட ஒரு புல்திட்டு. அதை அத்தான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

முதல் இரண்டையும் ஆடிவிட வேண்டும். ஆனால் என் ஹேண்டிகேப் கூடிக்கொண்டே போகிறது. ஒரே வருஷத்தில் பதினாறிலிருந்து இருபத்து நான்கு. இருபத்தெட்டைத் தாண்டினால் ரிசார்ட்டில் சேர்க்க மாட்டார்கள். அதற்குள் போய்விட வேண்டும்.

நீயும் வருகிறாய். மறுக்காதே. அத்தானின் பட்டரை, அதுதான் அந்தத் தட்டை மூக்கு மட்டையை, எடுத்துக்கொண்டு வா. அவருடைய மட்டையால் ஒரு பந்தாவது அங்கே குழிக்குள் விழ வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி நெடுஞ்செழியன்


பார்சிப்பனி, நியூ ஜெர்சி
21 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு இருக்கிறோம். சான் ஹோசேயிலிருந்து விஷாகா ஒரு ஐபேட் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அதில் பெற்ற பெண்ணின் உதடு அசைவது தெரிகிறது, பேச்சுதான் காணோம். ஆகவே கடிதம் எனக்கும் சம்மதம்.

முதலில் ஒரு புகார். உன் எழுத்து ஏன் இவ்வளவு சின்னதாகிவிட்டது? இருபத்திரண்டு வருஷம் ஃபார்மசியில் உட்கார்ந்து டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தவள் நான். உன் கடிதத்துக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. மேலே "அன்புள்ள அக்காவுக்கு" நன்றாகத்தான் இருக்கிறது. கீழே வர வர எறும்பு ஊர்கிறது. உன் பெயர் நீளமான பெயர், அது கடைசியில் ஒரு அரிசி அளவுக்கு இருக்கிறது. பேனா மாற்றினாயா?

இரண்டாவது, ஹேண்டிகேப் கூடிக்கொண்டே போகிறது என்று எழுதியிருக்கிறாய். என்ன ஹேண்டிகேப்? எந்த இடத்தில்? சர்டிபிகேட் வரைக்கும் போயிருக்கிறது என்றால் டாக்டர் என்ன சொன்னார்? குமுதினிக்குத் தெரியுமா? கூடப்பிறந்தவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறாய்? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது. எனக்குத் தாங்கும்.

உன் அத்தானின் ஃபைல் கராஜில்தான் இருக்கிறது. அந்தத் தீவுக்கு மட்டும் தனியாக ஒரு உறை. பாறை மைதானத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார். ஆடு மேய்கிற இடத்துக்கு ஒரு கேள்விக்குறி. பட்டர் என்றால் எனக்கு இன்றைக்கும் ஸ்ரீரங்கத்துப் பட்டர்தான் ஞாபகம் வருகிறார், இருந்தாலும் நீ சொல்கிற பட்டரையும் தேடி எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன்.

நான் வருகிறேன். முப்பது வருஷத்தில் இப்போதுதான் என்னை ஒரு மைதானத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

குமுதினியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா ஷ்யாமளா


கேட்டி
5 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் குமுதினி பயந்துவிட்டாள். அவளிடமும் படித்துக் காட்டினேன். என்னவோ அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா, கோல்ஃபில் ஹேண்டிகேப் என்பது நோய் இல்லை. ஒருவன் எவ்வளவு மோசமாக ஆடுகிறான் என்பதற்கு ஒரு நம்பர். நன்றாக ஆடுகிறவனுக்கு நம்பர் சின்னது, சுமாராக ஆடுகிறவனுக்குப் பெரியது. அந்த நம்பர் அளவுக்கு அடிகளைக் கழித்துவிட்டுத்தான் ஜெயித்தது யார் என்று பார்ப்பார்கள். பலவீனமானவனும் பலசாலியும் ஒன்றாக ஆட முடிவது அதனால்தான். அத்தானுக்குப் பன்னிரண்டு. அவரோடு குடும்பம் நடத்திவிட்டு இதுகூடவா தெரியாது உனக்கு?

என் நம்பர் கூடியதற்குக் காரணம் பயிற்சி இல்லாதது. வேறொன்றும் இல்லை. எழுத்து சின்னதானதற்கும் பேனாதான் காரணம், நீ சொன்னது சரி. இந்தக் கடிதத்துக்குக் கோடு போட்ட பேப்பர் வாங்கியிருக்கிறேன். பார், எழுத்து எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

பாறை மைதானத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பிப்ரவரியில் அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்குமாம். படகில் ஏறி இறங்குவது உன் முழங்காலுக்கும் கஷ்டம். ரிசார்ட்டின் பதினெட்டுக் குழி போதும். அத்தானின் மூன்று நட்சத்திரத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மழையில் வாக்கிங் போகாதே.

அன்புத் தம்பி,
செழியன்


பார்சிப்பனி
20 அக்டோபர் 2024

அன்புள்ள செழியா,

தீபாவளி பத்து நாளில் வருகிறது. உனக்கும் குமுதினிக்கும் என் ஆசிகள். நேற்று உன் அத்தானின் திதி. கோயிலில் கொடுத்துவிட்டு வந்தேன். மனசு கொஞ்சம் கனமாக இருக்கிறது, உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஹேண்டிகேப்புக்கு நீ கொடுத்த விளக்கம் புரிந்தது. என்னத்தைக் கண்டேன் நான்? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போவார், மத்தியானம் சாக்ஸில் புல்லோடு வருவார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கோல்ஃப்.

கோடு போட்ட காகிதத்தில் உன் எழுத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தாய்?

ஃபைலைத் தேடும்போது அப்பாவின் காகிதங்கள் கிடைத்தன. உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. அப்பா என்னிடம் இங்கே வந்து இரண்டாவது வருஷம், பென்ஷன் ஆபீசுக்கு உயிரோடு இருப்பதற்கான படிவம் அனுப்பினோம். கையெழுத்து பழையதோடு சேரவில்லை என்று திருச்சியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போடச் சொன்னேன். அப்பா மேஜையில் குனிந்து அரை மணி நேரம் போட்டார். முதல் தடவையைவிடச் சின்னதாக வந்தது. "நான் பெருசாத்தாம்மா போடுறேன், அது சின்னதா வருது" என்றார். அதற்கப்புறம் ஆறு மாதம் கழித்துத்தான் கை நடுங்க ஆரம்பித்தது. நியூராலஜிஸ்ட் பார்க்கின்சன் என்று சொன்னபோது, எழுத்து சின்னதானதுதான் முதல் அறிகுறி என்றார். எழுத்து அத்தனை நாள் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

ரிசார்ட்டே ஆகட்டும். எனக்கு எல்லாம் ஒன்றுதான். பதில் போடு.

அன்புடன்,
அக்கா


கேட்டி
2 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னித்துக்கொள். ஆபீசில் ப்ராஜெக்ட் முடிகிற நேரம், அப்புறம் தேங்க்ஸ்கிவிங், அப்புறம் குமுதினியின் தங்கை குடும்பம் காப்பெலிலிருந்து வந்திருந்தார்கள். ஒன்று மாற்றி ஒன்று.

பார், தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். பிரின்டரும் புதுசு. எழுத்து பெரியதாகவும் இருக்கிறது. இனிமேல் உனக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம்.

ரிசார்ட் மைதானத்தைப் பற்றி விசாரித்தேன். அங்கே நடக்க விட மாட்டார்களாம், கோல்ஃப் கார்ட்டில்தான் போக வேண்டுமாம். பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். சர்டிபிகேட்டுக்கும் நான் அப்ளை பண்ணவில்லை. யாருக்கு வேண்டும் அந்த பந்தா? ஆடு மேய்கிற ஒன்பது குழி மைதானமே நமக்குச் சரி. அவசரமில்லாத இடம். நிர்வாகி ஒருவர், ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்ப் பானை, அவ்வளவுதானாம்.

குளிர் ஆரம்பித்திருக்கும். கதவுக்கு வெளியே உப்புப் போட்டு வை. வழுக்கப் போகிறது.

அன்புடன்,
செழியன்


பார்சிப்பனி
14 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உப்பும் போட்டாயிற்று. நான் விழவில்லை.

டைப் அடித்த கடிதம் வந்தது. பாங்கிலிருந்து வந்ததோ என்று ஓரமாக வைத்துவிட்டு அப்புறம்தான் பிரித்தேன். எழுத்து பெரியதுதான், ஆனால் அதில் நீ இல்லை. உறை மேல் விலாசம் உருண்டை உருண்டையாக அழகாக இருக்கிறது. அது குமுதினியின் கை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகிய கை எனக்குத் தெரியாதா? உள்ளே கையெழுத்து இடத்தில்கூட நீ பேனா வைக்கவில்லை.

போன கடிதத்தில் நான் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அது உனக்கு வந்து சேர்ந்ததா?

சரி, சொல்ல வேண்டாம். என் செய்தியைக் கேள். உன் அத்தானின் பட்டரை வைத்துக்கொண்டு தினமும் ஹாலில் பயிற்சி செய்கிறேன். கார்ப்பெட்டில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து, சோபாவிலிருந்து பந்தைத் தட்டிவிடுகிறேன். பத்துக்கு நாலு டம்ளருக்குள் போகிறது. பக்கத்து வீட்டு இந்திராதேவி ஆன்ட்டி சத்தம் கேட்டு வந்து பார்த்துவிட்டு, "என்ன ஷ்யாமளா, கொழும்புல வெள்ளைக்காரர் விளையாடினதை நீங்க கார்ப்பெட்டில விளையாடுறீங்க" என்று சிரித்தார். நான் நிறுத்தவில்லை. அறுபத்தொன்பது வயதில் ஒரு விளையாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது, விடுவேனா?

ஒன்பது குழி எனக்கு நல்லதுதான். பதினெட்டு என்றால் முழங்கால் பாதியிலேயே உட்கார்ந்துவிடும். பாறையிலிருந்து இறங்கி, ரிசார்ட்டிலிருந்து இறங்கி, ஆடு மேய்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாய். இதற்கு மேல் இறங்காதே.

அடுத்த கடிதம் கையால் எழுது. நாலு வரி போதும்.

அன்புடன்,
அக்கா


கேட்டி
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பொங்கலுக்குப் போன் பண்ணியது உனக்குக் கேட்டதோ இல்லையோ. பால் பொங்கியதா என்று கேட்டேன்.

தீவுப் பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாம் என்று தோன்றுகிறது. இந்த வருஷம் வேலை நெருக்கம். குமுதினிக்கும் லீவு கிடைப்பது சந்தேகம். அப்படியே போனாலும் எனக்கு கெஸ்ட் ஹவுஸ் புல்திட்டில் பந்து உருட்டத்தான் நேரம் இருக்கும், அதற்கு எதற்குக் கடல் தாண்ட வேண்டும்? நீ விஷாகாவோடு போய்விட்டு வா. அவளும் டிரிப் போய் ரொம்ப நாளாகிறது என்றாள். அத்தானின் மட்டையை அவள் பிடிக்கட்டும். அவருடைய பெண் தட்டினால் போதும், அவருக்குச் சந்தோஷம்தான்.

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

செழியன்


பார்சிப்பனி
27 ஜனவரி 2025

அன்புள்ள என் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் சுற்றி வளைத்துக் கேட்டேன். இந்தத் தடவை கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

உனக்கு அப்பாவின் நோய் வந்திருக்கிறது. உன் முதல் கடிதத்தின் முதல் பக்கம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே பெரியதாக ஆரம்பித்துக் கீழே போகப் போகச் சுருங்குகிற எழுத்தை நான் ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஃபார்மசிப் புத்தகங்களையெல்லாம் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் உனக்கு எழுதினேன்.

ஹேண்டிகேப் என்றால் என்ன என்று கேட்டேனே, நீ சிரித்தாய். செழியா, முப்பது வருஷம் கோல்ஃப் ஆடுகிற மனுஷனோடு இருந்தவளுக்கு ஹேண்டிகேப் என்னவென்று தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட உட்காரும்போது ஸ்கோர் கார்டைப் பார்த்துக் கூட்டிக் கழித்து எழுதி வைத்ததே நான்தான். அவருடைய நம்பர் கடைசியில் பதினான்கு. பன்னிரண்டு என்று உன்னிடம் அளந்துவிட்டிருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி கேட்டேன். நீயாகச் சொல்லுவாய் என்று கதவைத் திறந்து வைத்தேன். "ஆமாம் அக்கா, நீ நினைத்த அர்த்தமும் சரிதான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீ கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாய். அப்பாவின் படிவத்தைப் பற்றி எழுதியது இரண்டாவது கதவு. அதற்கு ஆறு வாரம் பதிலே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். அக்கா ஏற்கெனவே அப்பாவுக்குச் செய்தவள், மறுபடியும் அவள் தலையில் போட வேண்டாம் என்று நினைத்திருப்பாய். நீ வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்டியிலிருந்து வந்து உன் அத்தானோடு ஆடப் போவாய், நான் வீட்டில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவேன். அதுவும் உன் மனசில் இருக்கும். ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கஞ்சி ஊட்டியது எனக்குப் பாரமாக இல்லை. நீங்கள் ஆடப் போனதும் எனக்குக் குறை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, "அப்பாவ நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று உங்கள் இரண்டு பேரில் ஒருவர் சொல்லவில்லை. அதுதான் என் குறை. செப்டம்பரில் "நீயும் வருகிறாய்" என்று எழுதினாயே, அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது அதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பயப்படாதே. உனக்குச் சோறு ஊட்ட நான் வரவில்லை. எனக்கே அறுபத்தொன்பது, உனக்குக் குமுதினி இருக்கிறாள். நான் உன்னோடு ஆட வருகிறேன்.

விஷாகாவை விட்டு அந்த ஒன்பது குழி மைதானத்துக்கு இமெயில் போடச் சொன்னேன். கை நடுங்குகிற ஒருவரும் முழங்கால் போன ஒருவரும் வரலாமா என்று கேட்டிருந்தாள். அங்கிருந்து வந்த பதிலைத் தமிழில் எழுதுகிறேன்: எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எத்தனை அடி வேண்டுமானாலும் அடிக்கலாம், சர்டிபிகேட் எதுவும் தேவையில்லை, ஆடுகளுக்கு மட்டும் வழிவிட வேண்டும். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துவிட்டது. பிப்ரவரி இருபதாம் தேதிக்கு மூன்று டிக்கெட் போட்டாயிற்று. குமுதினியின் லீவைப் பற்றி அவளிடமே கேட்டுவிட்டேன், அவளுக்கு லீவு இருக்கிறது.

வருகிறேன் என்று ஒரு வரி போடு. கையால் எழுது. எறும்பாக இருந்தாலும் சரி. அப்பா பேப்பர் படித்த பூதக்கண்ணாடி மேஜை மேலேயே இருக்கிறது.

உன் அக்கா,
ஷ்யாமளா


கேட்டி
6 பிப்ரவரி 2025

அக்கா,

இதைக் கையால் எழுதுகிறேன். கண்ணாடியை எடுத்துக்கொள்.

போன ஜூலையில் சொன்னார்கள். கோல்ஃப் கையுறையின் பட்டனைப் போட முடியாமல்தான் டாக்டரிடம் போனேன். "அக்காட்டச் சொல்லுங்கோ, ஒளிச்சு என்ன காணப் போறியள்" என்று குமுதினி தினமும் சொன்னாள். நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். அவள் மேல் கோபப்படாதே.

நீ சொன்ன காரணம் சரி. இன்னொன்றும் உண்டு. அப்பாவை நீ நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்துவதை நான் ஹாலில் நின்று பார்த்துவிட்டு, கோல்ஃப் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போவேன். அந்த ஹாலை இப்போது தினமும் நினைக்கிறேன். உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வருகிறேன்.

இவ்வளவுக்கு நாற்பது நிமிஷம்.

செழியன்


கேட்டி
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தாயா? நான் மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். குமுதினி உன் சொல்படி டப்பாவில் கிழமை போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நாலாவது குழியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று என் கால் தரையை விட்டு எழும்ப மாட்டேன் என்றது. குமுதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அப்பா வாசற்படியில் அப்படியே நின்றது ஞாபகம் வந்து, கண்ணை மூடிக்கொண்டேன். நீ வந்து அத்தானின் பட்டரை என் காலுக்கு முன்னால் குறுக்கே புல்லில் போட்டாய். "செழியா, மட்டைய மிதிச்சிடாத. தாண்டு" என்றாய். கால் எழும்பியது. அப்பாவுக்கு இதே மாதிரி கைத்தடியைப் போட்டுத்தான் நடக்க வைத்தேன் என்று அப்புறம் சொன்னாய். ஆறு வருஷத்தில் அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே இருந்தால்தானே.

மிச்ச ஐந்து குழிக்கும் நீ மட்டையைப் போட, நான் தாண்ட, அப்படியே போய்ச் சேர்ந்தோம். ஒன்பதாவதில் அத்தானின் மட்டையால் பந்தைக் குழிக்குள் விட்டது நீ. டம்ளரில் பழகிய கை. நான் தட்டியது ஆட்டின் காலில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை என்று சொன்னால் நம்பு.

ஸ்கோர் கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்டியைப் பிரித்தபோது கிடைத்தது. ஹேண்டிகேப் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன், எந்த அர்த்தத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆடியவர் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நெடுஞ்செழியன் முழுவதும் அந்தச் சின்னக் கட்டத்தில் பாதிகூட நிரம்பவில்லை. கொட்டகைக்காரர் அதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். சேரவில்லை என்று திருப்பித் தரவில்லை.

ஆனால் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் கார்டு செல்லாது. கூட ஆடியவர் போட வேண்டும், அதுதான் விதி. உனக்குத் தெரியாதது இல்லை. அவசரத்தில் நாம் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். போட்டுத் திருப்பி அனுப்பு. உன் கையெழுத்து பெரியது, அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. என் பக்கத்தில் இடம் நிறைய இருக்கிறது, அதிலும் சேர்த்துப் போடு.

அன்புத் தம்பி,
நெடுஞ்செழியன்